சிசிபஸின் கல் உருண்டு வந்த பாதை

அந்தப் படம் உங்கள் கைப்பேசிக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். செங்குத்தான சரிவில், தன்னைவிடப் பெரிய பாறையைத் தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருப்பான் ஒருவன். பாறையின்மேல் யாராவது எதையாவது எழுதியிருப்பார்கள்: திங்கட்கிழமை, வீட்டுக்கடன் தவணை, படிக்காமல் குவிந்த மின்னஞ்சல். உச்சிக்குப் போனதும் கல் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும், அவன் மறுபடி இறங்கி வந்து தள்ளவேண்டும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் பெயர் சிசிபஸ் என்பதும், ஆல்பெர் காம்யு என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அவனை மகிழ்ச்சியான மனிதன் என்று சொல்லிவிட்டார் என்பதும் வாசிக்கும் பழக்கமுள்ள பலருக்குத் தெரிந்த சேதிதான். ஆனால் காம்யுவின் கைக்கு வருமுன்பே அந்தக் கல் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேலாக ஊர் ஊராக உருண்டிருக்கிறது. ஓர் அரசி, ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர், சைபீரியக் கைதி ஒருவர், ஜப்பானியப் பிரபு ஒருவர் என்று பலர் அதற்குத் தோள் கொடுத்திருக்கிறார்கள். கல் ஒன்றுதான். மலை மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

கல் முதலில் தென்படுவது ஹோமரின் 'ஒடிசி'யில், 11ஆம் பகுதியில். இறந்தவர்களின் உலகத்துக்குப் போன ஒடிசியஸ் அங்கே கண்ட காட்சிகளில் இதுவும் ஒன்று. எட்டே வரிகள். வியர்வை, புழுதி, உச்சியைத் தொடும் நேரத்தில் திரும்பி உருளும் பாறை எல்லாம் அதில் உண்டு. சிசிபஸ் என்ன தப்பு செய்தான் என்பது மட்டும் இல்லை. தண்டனை இருக்கிறது, குற்றப்பத்திரிகையைக் காணோம். அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலை பின்னால் வந்த கதைசொல்லிகளுக்குக் கிடைத்தது.

அவர்கள் நன்றாகவே நிரப்பினார்கள். சிசிபஸ் கொரிந்து நகரத்தின் அரசன். இரண்டு பக்கமும் இரண்டு துறைமுகங்கள் கொண்ட வியாபார ஊர் அது. சாமர்த்தியம் இல்லாதவன் பிழைக்க முடியாத இடம். கடவுள்களின் தலைவன் ஸ்யூஸ் ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போனதைப் பார்த்த சிசிபஸ், அவளுடைய தகப்பனான நதிதேவனிடம் அதைக் காட்டிக்கொடுத்தான். சும்மா இல்லை, ஊர்க் கோட்டை மலைமேல் வற்றாத ஊற்று ஒன்று வேண்டும் என்று விலை பேசிவிட்டுத்தான். பெய்ரீனி என்ற அந்த ஊற்றை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆத்திரப்பட்ட ஸ்யூஸ் மரணதேவனை அனுப்ப, சிசிபஸ் அவனையே சங்கிலியில் பிணைத்துப் போட்டுவிட்டான். உலகத்தில் சாவு நின்றுபோயிற்று. போர்க்கடவுள் வந்துதான் மரணத்தை விடுவிக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகச் செத்தபோதும், எனக்குக் காரியம் எதுவும் செய்யாதே என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். பாதாள அரசியிடம் போய், 'பார்த்தீர்களா என் பெண்டாட்டியின் லட்சணத்தை, கண்டித்துவிட்டு வந்துவிடுகிறேன்' என்று விடுப்பு வாங்கி மேலே வந்தவன், கிழவனாகும் வரை திரும்பிப் போகவில்லை. ஓயாமல் நழுவியவனுக்கு ஓயாத வேலை.

கதை ரோமுக்குப் போனதும் கல் நரகத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் லுக்ரீஷியஸுக்கு நரகத்தில் நம்பிக்கை இல்லை. சிசிபஸைப் பாதாளத்தில் தேடாதீர்கள், அவன் நம் கண்ணெதிரே நடமாடுகிறான் என்றார். தேர்தலுக்குத் தேர்தல் பதவி கேட்டு நின்று, ஒவ்வொரு முறையும் தோற்று வாடிய முகத்தோடு திரும்புகிறவன்தானாம் அவன். சில பத்தாண்டுகள் கழித்து வந்த ஓவிட் வேறொரு சலுகை கொடுத்தார். இறந்த மனைவியை மீட்கப் பாதாளத்துக்கு வந்த ஆர்ஃபியஸ் பாடத் தொடங்கியதும், சிசிபஸ் தன் கல்லின்மீதே உட்கார்ந்து கேட்டான் என்று எழுதினார். இத்தனை நூற்றாண்டுகளில் அவனுக்குக் கிடைத்த ஒரே இடைவேளை ஒரு கச்சேரியால் வந்தது.

இடைக்கால இத்தாலியில் தாந்தே பெயரை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டார். அவருடைய நரகத்தின் நான்காம் வட்டத்தில் கஞ்சர்களும் ஊதாரிகளும் பெரும் பாரங்களை நெஞ்சால் உருட்டிக்கொண்டு வந்து ஒருவர்மேல் ஒருவர் மோதுகிறார்கள், திரும்புகிறார்கள், மறுபடி மோதுகிறார்கள்.

அடுத்து கல் அரசியலுக்குள் நுழைந்தது. 1547இல் மூல்பெர்க் போரில், தன்னை எதிர்த்த ஜெர்மன் சிற்றரசர்களைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தோற்கடித்தார். அவருடைய தங்கை, ஹங்கேரியின் விதவை அரசியான மேரி, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பின்ஷ் என்ற ஊரில் கட்டிய மாளிகைக்காக வெனிஸ் ஓவியர் டிஷியனிடம் ஒரு வரிசை ஓவியம் கேட்டார். கடவுள்களை எதிர்த்துத் தண்டனை பெற்றவர்கள்தான் பொருள், அவர்களில் ஒருவன் சிசிபஸ். டிஷியனின் சிசிபஸ் கல்லை உருட்டவில்லை, தோளில் சுமந்து ஏறுகிறான். விருந்துக்கு வந்த பிரபுக்களுக்குச் சேதி புரிந்திருக்கும்: அண்ணனை எதிர்த்தால் இந்தக் கதிதான். ஆனால் 1554இல் பிரெஞ்சுப் படை வந்து அந்த மாளிகையையே கொளுத்திவிட்டது. ஓவியங்கள் தப்பி ஸ்பெயினுக்குப் போயின. 1734இல் மாட்ரிட் அரண்மனையும் எரிந்தது. வரிசையில் எஞ்சியவை இரண்டு, அதில் ஒன்று சிசிபஸ். இப்போது பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறான். எச்சரித்தவர்களின் சுவர்கள் சாம்பலாக, எச்சரிக்கை மட்டும் பிழைத்துக்கொண்டது.

இங்கே ஒரு வண்டு குறுக்கிடுகிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது பியேர் ஆந்த்ரே லாத்ரே என்ற பாதிரியார் சிறையில் அடைபட்டிருந்தார். அறைக்குள் ஊர்ந்து வந்த சிறு வண்டு ஒன்றை அவர் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, சிறை மருத்துவர் காரணம் கேட்டார். அரிய வகை என்றார் லாத்ரே. மருத்துவர் அதை வெளியே ஒரு இயற்கை ஆர்வலரிடம் கொண்டுபோனார். வண்டை அடையாளம் சொன்ன கைதி யார் என்று விசாரணை கிளம்பி, அவர் விடுதலையானார். அந்த மனிதர் பின்னால் பூச்சியியலின் பெரும் பெயர்களில் ஒருவராகி, 1807இல் சாணத்தை உருண்டையாக்கி உருட்டிச் செல்லும் ஒரு வண்டுப் பேரினத்துக்கு சிசிபஸ் என்று பெயர் சூட்டினார். அந்த வண்டின் உழைப்பு வீண் இல்லை என்பதுதான் வேடிக்கை. உருட்டுவது குஞ்சுகளுக்கான சாப்பாடு.

மனிதர்களுக்கு வாய்த்த உருட்டல் அப்படி இல்லை என்று 1832இல் எழுதினார் மான்செஸ்டர் டாக்டர் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே. காலரா பரவிய ஆண்டு அது. பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் வைத்தியம் பார்த்தவர், ஒரே இயந்திர அசைவை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் அந்த வேலையைச் சிசிபஸின் சித்திரவதையோடு ஒப்பிட்டார். கே ஆலைகளுக்கு எதிரி இல்லை. ஆனால் அவருடைய சிறு நூல், எதிரியாக இருந்த ஒருவர் கையில் கிடைத்தது. மான்செஸ்டரில் குடும்பத்தின் நூல் ஆலையில் வேலை பார்க்க வந்த ஜெர்மன் இளைஞர் ஃபிரடரிக் எங்கெல்ஸ், 1845இல் எழுதிய புத்தகத்தில் அந்த ஒப்பீட்டைச் சேர்த்துக்கொண்டார். அதை 1867இல் தன் 'மூலதன'த்தில் மேற்கோள் காட்டினார் மார்க்ஸ். ஒரு டாக்டரின் குறிப்பு, கை மாறிக் கை மாறி உலகத்தைக் கலக்கிய புத்தகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

அதே இங்கிலாந்தில் இன்னொரு பக்கம், உவமைக்கு இடமில்லாமல் சிசிபஸை நேரடியாகவே கட்டி நிறுத்தினார்கள். 1818வாக்கில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர், சும்மா உட்கார்ந்திருக்கும் கைதிகளுக்காக மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். பெரிய உருளையில் படிகள். கைதி ஏற ஏற உருளை சுற்றும், படி கீழே இறங்கும், அவன் நின்ற இடத்திலேயே இருப்பான். சில சிறைகளில் அது மாவு அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல சிறைகளில் காற்றைத்தான் அரைத்தது. வேறு சிறைகளில் பீரங்கிக் குண்டுகளை ஒரு குவியலிலிருந்து தூக்கி இன்னொரு குவியலில் வைக்கச் சொல்வார்கள், பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வார்கள். பயனின்மையே தண்டனை என்ற கிரேக்கக் கடவுள்களின் கண்டுபிடிப்பை விக்டோரியா காலத்து அதிகாரிகள் நகலெடுத்துவிட்டார்கள்.

அந்தத் தண்டனை மனிதனை என்ன செய்யும் என்று உள்ளேயிருந்து சொன்னவர் தஸ்தயேவ்ஸ்கி. 1850 முதல் நான்கு ஆண்டுகள் சைபீரியாவில் ஓம்ஸ்க் சிறையில் கடும் உழைப்புத் தண்டனை அனுபவித்தவர். அந்த அனுபவத்தை வைத்து எழுதிய நாவலில், ஒருவனை முழுவதுமாக நசுக்க வழி கேட்டால் அடியும் பட்டினியும் வேண்டாம் என்கிறார். ஒரு தொட்டித் தண்ணீரை மறு தொட்டிக்கும், அதைத் திரும்ப முதல் தொட்டிக்கும் ஊற்றச் சொன்னால் போதும். சில நாட்களில் தூக்கில் தொங்கிவிடுவான். செங்கல் அறுப்பதும் சுவர் எழுப்புவதும் கடினம்தான், ஆனால் சுவர் நன்றாக எழும்ப வேண்டும் என்ற ஆசை கைதிக்கும் வந்துவிடுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார்.

இதுவரை யாரும், சுமப்பவன் சந்தோஷமாக இருக்கக்கூடும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒருவர் டோக்கியோவிலிருந்து வரவேண்டியிருந்தது.

கூகி ஷூஸோ பிரபு குடும்பத்தில் 1888இல் பிறந்தவர். தத்துவம் படிக்க ஐரோப்பாவுக்கு வந்து எட்டு ஆண்டுகள் தங்கினார். ஜெர்மனியில் ஹைடெக்கரிடம் பாடம் கேட்டார். பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவம் பற்றிப் பேசிப் பழக இருபத்து மூன்று வயது மாணவர் ஒருவரை வாரந்தோறும் வரவழைத்தார். அந்த மாணவர் ழான் பால் சார்த்தர். கூகியின் குறிப்பேடு ஒன்றில் அந்தப் பெயர் இருக்கிறது. அப்போது யாருக்கும் தெரியாத பெயர்.

1928 ஆகஸ்டில் பொன்தினி என்ற பழைய மடத்தில் அறிஞர்கள் கூடிப் பத்து நாள் பேசும் சந்திப்பில், கீழை நாட்டவரின் காலக் கணக்கைப் பற்றிக் கூகி உரையாற்றினார். பிறவிச் சுழற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் சிசிபஸிடம் வந்து நின்றார். கிரேக்கர்கள் அவனை நரகத்தில் வைத்தது எனக்கு விளங்கவில்லை, திரும்பத் திரும்பத் தொடங்க முடிகிறவன் துன்பப்படுகிறவனா, அவன் மகிழ்ச்சியாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். சான்றுக்குத் தன் ஊரையே காட்டினார். 1923இல் நிலநடுக்கம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. நான்கே ஆண்டுகளில் அங்கே சுரங்க ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மறுபடி நிலநடுக்கம் வந்தால் இடிந்துவிடுமே, பின் எதற்குக் கட்டுகிறீர்கள் என்று ஐரோப்பாவில் அவரைக் கேட்டார்கள். இடிந்தால் மறுபடி கட்டுவோம், எங்களுக்குக் கட்டுவதில்தான் கண் என்றார் கூகி.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1940 ஜூனில், ஜெர்மன் படை பாரிஸை நெருங்க, 'பாரி-சுவார்' நாளிதழ் தன் ஊழியர்களோடு தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. அதில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் இருந்தவர் காம்யு. அல்ஜீரியாவில் பிறந்தவர், தகப்பனை முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே இழந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத, காது சரியாகக் கேட்காத தாய் வீட்டு வேலை செய்து வளர்த்த பிள்ளை. கால்பந்தில் கோல்கீப்பர். பதினேழு வயதில் காசநோய் வந்து ஆட்டம் போயிற்று, உடல் தகுதி இல்லை என்பதால் ஆசிரியர் உத்தியோகமும் போயிற்று. இப்போது நாளிதழ் வேலையும் போக, திருமணமான கையோடு மனைவியின் ஊரான ஓரானுக்குத் திரும்பினார். அங்கே 1941 பிப்ரவரியில், இருபத்தேழு வயதில், சிசிபஸ் நூலை முடித்தார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

நூலின் கேள்வி எளியது. உலகம் நம் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, நாமோ கேட்பதை நிறுத்துவதில்லை. இந்தப் பொருத்தமின்மையைத்தான் அவர் அபத்தம் என்றார். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் வாழ்வது ஏன்? மறுமையிலும் கடவுளிடமும் ஆறுதல் தேடுவதை அவர் ஏற்கவில்லை. உயிரை விடுவது கேள்வியையே அழித்துவிடும் ஓட்டம் என்று அதையும் மறுத்தார். கடைசிச் சில பக்கங்களில்தான் சிசிபஸ் வருகிறான். அதுவரை எல்லோரும் அவன் ஏறுவதையே பார்த்திருக்க, காம்யு இறங்குவதைப் பார்த்தார். கல் போய்விட்டது, கை காலி, தன் நிலைமை முழுதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நடக்கிறான். கடவுள்கள் கொடுத்த தண்டனையை அந்த நடையில் அவன் தனதாக்கிக்கொள்கிறான். ஆகவே அவன் மகிழ்ச்சியாக இருப்பதாகவே நாம் எண்ணிக்கொள்ள வேண்டும் என்ற வரியோடு நூல் முடிகிறது.

அச்சுக்குப் போகும்போது ஒரு விபத்து. நூலில் காஃப்காவைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. காஃப்கா யூதர். ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் அதை அச்சிட முடியாது. பதிப்பாளர் கலிமார் அதை நீக்கச் சொல்ல, அந்த இடத்தில் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றிய அத்தியாயம் வந்தது. பயனற்ற உழைப்பின் கொடுமையை ஓம்ஸ்கில் அறிந்தவர், தணிக்கையின் தயவால் சிசிபஸுக்குத் துணையாக வந்து சேர்ந்தார். 1942 அக்டோபரில் நூல் வெளியானது. காஃப்கா பகுதி மறு ஆண்டு லியோனில் ஒரு பத்திரிகையில் தனியாக வந்து, போர் முடிந்தபின் நூலின் பின்னிணைப்பாகச் சேர்ந்தது.

போருக்குப் பின் எக்ஸிஸ்டென்ஷியலிசம் (இருத்தலியல்) என்ற தத்துவம் ஃபேஷனாகிவிட்டது. 1945 அக்டோபரில் சார்த்தர் பேசிய கூட்டத்தில் நெரிசல் தாங்காமல் நாற்காலிகள் உடைந்தன. காபிக் கடைகள், கறுப்புச் சட்டை, ஜாஸ் இசை என எல்லாவற்றின்மீதும் அந்த முத்திரை குத்தப்பட்டது. காம்யுவின்மீதும் குத்தினார்கள். நான் எக்ஸிஸ்டென்ஷியலிஸ்ட் இல்லை என்று அவர் பேட்டி கொடுத்துப் பார்த்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காம்யுவின் அபத்தம் மேடையேறியது இன்னொரு தற்செயலால். 1957 நவம்பரில் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்கு நாடகம் போட வந்த குழு, நாடகாசிரியர் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைத் தேர்ந்தெடுத்தது. அதில் பெண் பாத்திரம் இல்லை என்பது ஒரு காரணம். படித்த கூட்டம் புரியவில்லை என்று எழுந்துபோன நாடகத்தை, 1,400 கைதிகள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். வராத ஒருவனுக்காகக் காத்திருப்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் இந்தச் சம்பவத்தோடு தன் 1961ஆம் ஆண்டு நூலைத் தொடங்கினார். காம்யுவின் சிசிபஸ் நூலைத் துணைக்கு அழைத்து, அத்தகைய நாடகங்களுக்கு 'அபத்த நாடகம்' என்று பெயரும் வைத்தார்.

அமெரிக்காவில் கல் ஆய்வுக்கூடத்துக்கும் போனது. தத்துவப் பேராசிரியர் ரிச்சர்ட் டெய்லர் 1970இல் குறும்பாக ஒரு கேள்வி போட்டார். கடவுள்கள் மனமிரங்கிச் சிசிபஸின் உடம்பில் ஒரு மருந்தைச் செலுத்தி, கல் உருட்டுவதில் தீராத ஆசையை உண்டாக்கிவிட்டால்? அப்போது அவன் வாழ்வு அர்த்தமுள்ளதாகிவிடுமா? 2008இல் டான் ஏரியலியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குக் கூலி கொடுத்து லெகோ பொம்மைகளைக் கட்டச் சொன்னார்கள். முதல் பொம்மைக்கு 2 டாலர், பிறகு ஒவ்வொன்றுக்கும் 11 சென்ட் குறைவு. ஒரு குழு கட்டியவை மேசையில் வரிசையாக நின்றன. இன்னொரு குழு கட்டியவற்றைக் கண்ணெதிரிலேயே பிரித்து, அவர்களிடமே திரும்பக் கொடுத்தார்கள். இதற்குச் சிசிபஸ் முறை என்றே பெயர். முதல் குழு சராசரியாகப் பத்துக்கு மேல் கட்டியது, சிசிபஸ் குழு ஏழு சொச்சத்தில் போதும் என்று எழுந்துவிட்டது. கூலி ஒன்றுதான்.

தமிழுக்கு இந்தச் சிந்தனை 1970களில் சிறுபத்திரிகை வட்டங்கள் வழியே வந்தது. எஸ்.வி. ராஜதுரை எக்ஸிஸ்டென்ஷியலிசத்துக்கு ஓர் அறிமுக நூலே எழுதினார். காம்யுவின் 'அந்நியன்' நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்க, க்ரியா 1980இல் வெளியிட்டது.

ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கிரேக்கர்களுக்குக் கடன்படாத ஒரு சிசிபஸ் ஏற்கெனவே இருந்தான். கேரளத்தில் பட்டாம்பிக்கு அருகே ராயிரநல்லூர் மலை. அங்குள்ள ஐதிகப்படி, வரருசி என்ற பண்டிதனுக்கும் அவன் பறைக்குல மனைவிக்கும் பிறந்து வெவ்வேறு சாதிகளில் வளர்ந்த பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவன் நாராணத்து பிராந்தன். அந்தப் பன்னிருவரில் வள்ளோன் என்பவர் நம் திருவள்ளுவர்தான் என்று சொல்லும் வழக்கும் அங்கே உண்டு. பிராந்தன் அந்த மலைமேல் பெரிய பாறைகளை உருட்டி ஏற்றுவான், உச்சியிலிருந்து தள்ளிவிட்டு, அவை உருள்வதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பான். சுடுகாட்டில் ஓரிரவு காளி எதிரே வந்து வரம் கேள் என்றாள். என் ஆயுளில் ஒரு நாள் கூட்டு என்றான், முடியாது என்றாள். ஒரு நாள் குறை என்றான், அதுவும் முடியாது. அப்படியானால் இந்தக் காலில் இருக்கிற யானைக்காலை அந்தக் காலுக்கு மாற்று என்றானாம். ஆண்டுதோறும் துலாம் மாத முதல் நாளில் மக்கள் அந்த மலை ஏறுகிறார்கள்.

பிராந்தனுக்கும் சிசிபஸுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சின்னதில்லை. பிராந்தன் கல்லைத் தானே தேர்ந்தெடுத்தான், எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம். சிசிபஸுக்கு அது ஏற்றிவைக்கப்பட்டது. இந்த வித்தியாசத்தைத்தான் இன்று அலுவலகச் சுவர்களில் சிசிபஸ் படத்தை மாட்டி, சுமையை ரசிக்கப் பழகுங்கள் என்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கல்லின் வரலாற்றில் யார் பேசுகிறார்கள் என்பதே எல்லாம். அதை அரசி மேரி பேசியபோது மிரட்டலாக இருந்தது. தஸ்தயேவ்ஸ்கி பேசியபோது சாட்சியமாக இருந்தது. நோயும் போரும் வேலையின்மையும் சூழ ஓரானில் காம்யு பேசியபோது, அது ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தானே எடுத்துக்கொண்ட முடிவு.

காம்யுவும் அந்தத் தனி மனிதனோடு நின்றுவிடவில்லை. 1947இல் வந்த அவருடைய 'கொள்ளை நோய்' நாவலின் களம் அதே ஓரான், நாயகன் ஒரு டாக்டர். வெல்ல முடியாத நோயோடு நாள்தோறும் தோற்றுக்கொண்டே, சக மனிதர்களைச் சேர்த்துக்கொண்டு வேலை பார்க்கிறார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த நூல் கலகம் செய்யும் மனிதனைப் பற்றியது. அடிமை ஒருவன் முடியாது என்று சொல்லும் கணத்தில் தனக்காக மட்டும் சொல்வதில்லை என்பது அதன் அடிப்படை. சுமக்கிறவன் மகிழ்ச்சியாக இருக்கிறானா என்ற கேள்விக்கு அவன்தான் பதில் சொல்ல முடியும், வேறு யாரும் அவன் சார்பில் சொல்லக் கூடாது. ஏற்றிவைத்தவர்களைக் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அதைக் கேட்பது நம் எல்லோருடைய வேலை, எத்தனை முறை கேட்கவேண்டி வந்தாலும்.